எந்த நாட்டில் எத்தனை வருஷம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், ஆபீஸில் எல்லாரையும் யோக்கியமாக இருக்கச் சொல்வதுதான் என் வேலை என்பேன். "அதுக்குச் சம்பளம் வேற குடுக்கானாக்கும்?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். நாங்கள் செகந்திராபாத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. ஆனாலும் வீட்டுப் பேச்சை விட்டுத் திருநெல்வேலி இன்னும் போகவில்லை, நக்கலும் போகவில்லை.

கச்சிபௌலியில் கண்ணாடி போர்த்திய ஒரு கட்டடத்தில் எங்கள் அலுவலகம். ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பிளாஸ்டிக் சாமான்களை விற்கிற கம்பெனி: சலைன் குழாய், சிரிஞ்சு, சிறுநீர்ப் பை. தலைமை அலுவலகம் வெளிநாட்டில். அங்கே இருப்பவர்களுக்குச் சட்டத்தின் மேல் பயம் அதிகம், அந்தப் பயம்தான் எனக்குச் சோறு போடுகிறது. வருஷம் ஒரு முறை விற்பனைப் பிரிவு ஆட்களையெல்லாம் ஒரு ஹாலில் உட்காரவைத்து, போட்டிக் கம்பெனிக்காரனோடு விலை பேசி வைத்துக்கொள்ளாதீர்கள், டெண்டரைப் பங்கு போடாதீர்கள் என்று பாடம் எடுப்பேன். போட்டி போடவேண்டியவர்கள் ரகசியமாகக் கூடி இப்படிப் பேசி முடித்துக்கொள்வதற்குத்தான் கார்ட்டெல் என்று பெயர். மூன்று கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்தால் சலைன் குழாய்க்கு அரசாங்க ஆஸ்பத்திரி கூடுதலாகக் கொடுக்கும். கொடுக்க முடியாத ஆஸ்பத்திரி, வெளியே வாங்கி வா என்று நோயாளியின் வீட்டாரிடம் சீட்டெழுதி நீட்டும்.

யாரும் கவனிக்கமாட்டார்கள். பாதிப் பேர் மேஜைக்கு அடியில் மொபைலைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் சமோசா எப்போது வரும் என்று கதவைப் பார்ப்பார்கள். எரிச்சல் தாங்காமல் ஒரு வருஷம் நானே உட்கார்ந்து ஒரு அட்டவணை செய்தேன். எந்த நாட்டில் இதற்கு எத்தனை வருஷம் ஜெயில் என்று. அமெரிக்காவில் பத்து வரைக்கும் போகலாம். ஆஸ்திரேலியாவிலும் பத்து. கனடாவில் பதினான்கு. இங்கிலாந்தில் ஐந்து. ஜப்பானிலும் ஐந்து உண்டு, ஆனால் பெரும்பாலும் தண்டனையை நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜெர்மனியில் டெண்டரில் கள்ளக்கூட்டு வைத்தால்தான் குற்றம், மற்ற விலைப் பேச்சுக்கெல்லாம் அபராதம் மட்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் நேராகச் சின்னதாய் ஒரு கைவிலங்குப் படம் வைத்தேன். சின்னப் பிள்ளைத்தனம்தான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

இந்தியாவுக்கும் ஒரு கைவிலங்கு வைத்திருந்தேன். தலைமை அலுவலகத்து வக்கீல் அதை எடுக்கச் சொல்லி எழுதினார். அவர் சொன்னது சரிதான். நம்முடைய போட்டிச் சட்டத்தில் கார்ட்டெலுக்கு ஜெயில் கிடையாது. கம்பெனிக்கு அபராதம், பொறுப்பில் இருந்தவர்களுக்கு அவர்கள் வருமானத்தில் ஒரு பங்கு அபராதம், அவ்வளவுதான். இந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொள்கிற போட்டி ஆணையத்தின் உத்தரவை மீறி அடம் பிடித்தால்தான் ஜெயில் என்ற பேச்சே எழும். மோசடி, சதி என்று வேறு சட்டத்தில் போலீஸ் பிடித்தால் அது தனிக்கதை, அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. பேருந்தில் பர்ஸ் அடித்தவனை உள்ளே தூக்கிப் போடுகிற நாடு, ஒரு மாநிலத்து ஆஸ்பத்திரி முழுவதையும் சேர்ந்து அடித்தவனுக்கு ரசீது போட்டுக் கொடுத்து அனுப்புகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கைவிலங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நாணயம் வைத்தேன்.

அந்த வருஷம் ஹால் அமைதியாக இருந்தது. அட்டவணை திரையில் வந்ததும் எங்கள் விற்பனைத் தலைவர் எழுந்து முன்னால் வந்து மொபைலில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். எந்த மொழியில் பேசினாலும் நடுவில் இந்த ஊர் உருதுவான தக்கனி வந்துவிடும். "ஹவ் மேடம், பஹுத் அச்சா பனாயே, ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க! இவ்ளோ கிளியரா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்லி, அவர் கேட்காதது போல் இருந்ததால் இன்னொரு தடவையும் சொன்னேன்.

சில மாதங்கள் கழித்து, மழை ஊற்றிய ஒரு சாயங்காலம், கம்பெனி வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். குகட்பள்ளி வழியாகச் செகந்திராபாத் போகிற வண்டி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் டெண்டர் பிரிவில் வேலை பார்க்கிற பையன். பையன் என்று நான்தான் சொல்கிறேன், அவனுக்கு நாற்பதை நெருங்குகிறது. அப்பா பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துப் பக்கம். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் லோன் போட்டு ஒரு பிளாட் வாங்கியிருந்தான். மனைவி, ஒரு பெண் குழந்தை, அவன் சம்பளம் ஒன்றுதான். அலுவலகத்தில் என்னை மேடம் என்பான், வண்டியில் அக்கா.

வண்டி நகரவே இல்லை. முன்னால் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. மற்றவர்கள் காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக்கூடாது" என்றான்.

"கேளு தம்பி."

"இந்த ஜெயில், அபராதம்லாம் சொன்னீங்கள்ல. அது எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் வருமா?"

இந்தக் கேள்வியைச் சும்மா யாரும் கேட்பதில்லை. மெதுவாகக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னான். அரசு ஆஸ்பத்திரி டெண்டர்களில் எங்கள் கம்பெனியும் இன்னும் இரண்டு கம்பெனிகளும் முறை வைத்து ஜெயிக்கிறார்கள். இந்தத் தடவை நாம், அடுத்த தடவை அவர்கள். நம் முறை இல்லாதபோது வேண்டுமென்றே கூடுதல் விலை போட்டுத் தோற்க வேண்டும். என்ன விலை போட வேண்டும் என்று விற்பனைத் தலைவர் போனில் சொல்வார். இவன் தன் லாகினில் ஏற்றுவான்.

"நானும் மொதல்ல ஏதோ கணக்குத் தப்புன்னுதான் நெனச்சேங்க்கா. அப்புறம் போன மாசம் பேகம்பேட்ல ஒரு ஹோட்டல்ல மீட்டிங். கம்பெனிகள் சங்கத்து மீட்டிங்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாரு. அது முடிஞ்சதும் மூணு கம்பெனி ஆளுங்க மட்டும் தனி ரூம்ல சாப்பிட்டாங்க. அங்கதான்..." என்று நிறுத்தினான்.

"அங்க என்ன?"

"உங்க சார்ட்டத்தான் காட்டினாரு அக்கா."

எனக்குப் புரியவில்லை. எந்த சார்ட் என்று கேட்டேன்.

"அதான், எந்த நாட்டுல எத்தனை வருஷம்னு போட்டீங்கள்ல. அத மொபைல்ல காட்டி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆர்டர்ல யாரும் கை வைக்காதீங்க, அங்க பேச்சே நக்கோ, வேணவே வேணாம், நம்ம ஆட்டம் இந்தியாவுக்குள்ள மட்டும், இங்க ஜெயில் இல்லன்னு சொன்னாரு. மத்த கம்பெனிக்காரரு ஒருத்தரு, இது உங்க மேடம் செஞ்சதா, நல்லாருக்கே, எனக்கும் அனுப்புங்கன்னு வாங்கிக்கிட்டாரு."

மழை என்றும் பார்க்காமல் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். எந்தக் கடையில் கேமரா இல்லை என்று திருடனுக்கு அழகாக அச்சடித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று என் வேலை. அந்த ஆள் ஹாலில் எழுந்து வந்து படம் பிடித்ததும், நான் வீட்டில் இரண்டு தடவை பீற்றிக்கொண்டதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பயமுறுத்துவதற்குப் போட்ட ஜெயிலைப் பார்த்து அவன் பயப்படவில்லை, எங்கே ஜெயில் இல்லை என்று மட்டும் பார்த்திருக்கிறான்.

பையனிடம் சொன்னேன். உனக்கு ஜெயில் வராது, அபராதமும் அநேகமாக மேலே இருப்பவர்களுக்குத்தான். ஆனால் தெரிந்துகொண்டே தொடர்ந்து செய்தால் நாளைக்கு உன் லாகின்தான் முன்னால் நிற்கும். நீயாக வந்து சொன்னால் கம்பெனி உன்னைத் தொடக்கூடாது, விதி அப்படி. அந்த விதியை எழுதியவள் நான், அதனால் நம்பிச் சொன்னேன்.

"வேல போயிடாதுல்ல அக்கா? லோன் ஓடிட்டிருக்கு."

"போவாது. நான் இருக்கேம்லா" என்றேன்.

ஒரு வாரம் யோசித்தான். பிறகு வந்து முறைப்படி சொன்னான், நான் முறைப்படி மேலே அனுப்பினேன். தலைமை அலுவலகம் ஆடிப்போய்விடும், விற்பனைத் தலைவரை அன்றைக்கே வெளியே தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் ஆடத்தான் செய்தார்கள். ஆனால் முதலில் கேட்டது, மற்ற இரண்டு கம்பெனிகளில் யாராவது ஆணையத்துக்குப் போய்விட்டார்களா என்றுதான்.

பேகம்பேட்டில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு என்னை வரச்சொன்னார்கள். பெரிய மேஜை, பிஸ்தா போட்ட பிஸ்கட். மூத்த வக்கீல் ஒரு ஓட்டப்பந்தயத்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். முதலில் ஓடிப்போய் ஆணையத்திடம் ஒப்புக்கொள்கிற கம்பெனிக்கு அபராதம் முழுவதுமே தள்ளுபடி ஆகலாம். இரண்டாவதாக வருபவனுக்குக் கொஞ்சம் தள்ளுபடி, அடுத்தவனுக்கு அதைவிடக் கொஞ்சம். ஆகவே இன்றைக்கே போகவேண்டும். போனார்கள். சாயங்காலம் போன் செய்து, நாம்தான் முதல் என்று எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

இந்த ஏற்பாடு எனக்குப் புதிதல்ல. பாடத்தில் இதையும் சொல்லிக்கொடுப்பேன். கூட்டுக்களவாணிகளை ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க வைக்க வேறு வழி இல்லை என்று விளக்கமும் சொல்வேன், அது உண்மையும்தான். ஆனால் என் அட்டவணையில் பத்து வருஷம், பதினான்கு வருஷம் என்று மிரட்டிக்கொண்டு நிற்கிற நாடுகளிலும் கதை இதேதான். அமெரிக்காவிலும் முதலில் ஓடிவந்த கம்பெனியின் ஆட்கள் ஒத்துழைத்தால் ஜெயில் பக்கமே போகமாட்டார்கள். இங்கிலாந்தில் சட்டம் கம்பீரமாக இருக்கிறது, அதில் உள்ளே போனவர்களைத் தேட வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டே கைவிலங்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்திருப்பது வேறு, அந்த பிஸ்கட் மேஜையில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. அங்கே ஒருவர் முகத்திலும் வெட்கம் என்று ஒன்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை அன்றைக்கு முழுவதும் யாரும் உச்சரிக்கவில்லை.

ஆணையத்துக்கு முழு விவரம் கொடுக்க வேண்டும். முழு விவரம் யாருக்குத் தெரியும்? கூட்டத்தை நடத்தியவருக்குத்தான். ஆகவே விற்பனைத் தலைவரைப் பூப்போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அவர் மனம் கோணி வெளியே போனால் சாட்சி போய்விடும். அவருக்குத் தனி வக்கீல், ஆணையம் இருக்கிற டெல்லிக்குப் போய்வர விமானம், நல்ல ஹோட்டல். ஒருநாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். "மை தோ அப் கவா ஹூ மேடம். சாட்சி! டென்ஷன் நக்கோ" என்று சிரித்தார். என்னைத் தேற்றுகிறாராம். அந்த ஆள் மேல் அடித்த சென்ட் வாசனை அன்று சாயங்காலம் வரை என் மூக்கை விட்டுப் போகவில்லை.

ஆனால் கம்பெனி திருந்திவிட்டது என்று ஆணையத்துக்குக் காட்ட ஏதாவது நடவடிக்கை எடுத்தாக வேண்டும். சாட்சியைத் தொட முடியாது. அப்படியானால் யாரைத் தொடுவது? டெண்டர் யாருடைய லாகினில் ஏறியது என்று பார்த்தார்கள். பயிற்சிக்கு வந்து, புரிந்தது என்று கையெழுத்துப் போட்டும் விதியை மீறினான் என்று அந்தப் பையன் பெயரில் குற்றச்சாட்டு எழுதி, வேலையை விட்டு நீக்க முடிவு செய்தார்கள்.

நான் கத்தினேன். வீடியோ கூட்டத்தில், வெளிநாட்டுக்காரர்கள் முன்னால், மேஜையைத் தட்டிக் கத்தினேன். அவன் சொல்லவில்லை என்றால் நீங்கள் யாரும் இங்கே முதலாவதாக நின்றிருக்க முடியாது, அவனைத் தொடக்கூடாது என்று உங்கள் விதியே இருக்கிறது என்றேன். மனிதவளத் துறை அம்மாள் கொஞ்சமும் குரல் உயர்த்தாமல், சொன்னதற்காக அவரை நீக்கவில்லை, செய்ததற்காகத்தான் நீக்குகிறோம், இரண்டும் வேறு வேறு என்றார். நாக்கு கூசாமல் சொன்னார். திரையில் இருந்த வெள்ளைக்காரர் என் உணர்வுகளை மதிப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். என் வாழ்க்கையில் அவ்வளவு நாகரிகமான அயோக்கியத்தனத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

அவன் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு இறங்கிய அன்று கூடவே கீழே போனேன். வாசலில் ஆட்டோக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். அவனிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆணையத்து விசாரணை ரகசியம், அதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. அதாவது, விதியை மீறியதால் நீக்கப்பட்டான் என்று அவன் கடிதம் சொல்லும். வந்து உண்மையைச் சொன்னவன் அவன்தான் என்பதை அவன் யாரிடமும் சொல்ல முடியாது.

"எங்கயாச்சும் வேல தேடினா உங்க நம்பரக் குடுக்கலாமா அக்கா?" என்று கேட்டான்.

"இது என்ன கேள்வி? குடு" என்றேன். அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

நாலைந்து இடம் ஏறி இறங்கினான். டெண்டர் வேலையில் நீக்கப்பட்டவன் என்றால் எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற கம்பெனி ஒன்று அவனைப் பிடித்துப்போய், எல்லாம் பேசி முடித்து, சேர வேண்டிய நாளும் சொல்லியிருந்தது. சும்மா ஒரு பேச்சுக்கு என்று அங்கிருந்து ஒரு பெண் என்னைக் கூப்பிட்டார். தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து, மரியாதையாகத்தான் பேசினார். ஆள் கெட்டிக்காரர், எங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஏன் நீக்கினார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கமிஷன் விஷயம் ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க மேடம், பரவாயில்லை. டெண்டர் வேலையில் அதெல்லாம் இருக்கிறதுதான். நாங்கள் கண்டுக்கமாட்டோம்" என்றார்.

கம்பெனி விதிப்படி நான் சொல்லக்கூடியது அவன் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் மட்டும். ஆனால் கமிஷன் என்ற வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. அந்தப் பிள்ளையைப் போய்த் திருடன் என்று நினைத்துக்கொண்டு, அதைப் பெருந்தன்மையாக மன்னிக்கவும் செய்கிறாளே என்று ரத்தம் கொதித்தது. என் வேலை போனால் போகட்டும் என்று முடிவெடுத்தேன். அவன் ஒரு பைசா தொட்டதில்லை அம்மா, மேலே இருப்பவர்கள் போட்டிக் கம்பெனிகளோடு சேர்ந்து டெண்டரைப் பங்கு போட்டார்கள், அதை வெளியே கொண்டுவந்தவனே அவன்தான், அதற்காகத்தான் பலியானான், அவனை மாதிரி நேர்மையான ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் பல மாதமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கின மாதிரி இருந்தது.

"ஓ, கம்ப்ளெயின்ட் பண்ணினவரா?" என்றார். முன்பு இருந்த குழைவு குரலில் இல்லை. "எங்க எம்.டி.யிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அவன் போன் செய்தான். இப்போதைக்கு ஆள் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"உங்களக் கூப்பிட்டாங்களா அக்கா? என்ன கேட்டாங்க?"

கேட்டதையும் நான் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். கமிஷன் பேச்சையும் சொன்னேன். பின்னால் அவன் மகள் தெலுங்கில் எதையோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். "இருடா கண்ணு, அப்பா பேசிட்டு வரேன்" என்று தமிழில் சொன்னான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"நான் காசு அடிச்சேன்னு சொல்லியிருக்கலாங்க்கா" என்றான். "எடுத்திருப்பாங்க."